அரை நொடித் தண்ணீர்

உங்கள் வீட்டுத் தோட்டத்து ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் வரும்? மேலே படிக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். அப்பா ஒன்று சொல்வார், பாட்டி வேறொன்று சொல்வார், அண்ணன் கைப்பேசியில் தேடிப் பார்த்து மூன்றாவதாக ஒன்று சொல்வான். தேடிச் சொன்னதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இணையத்துக்கு உங்கள் வீட்டு பைப்பைத் தெரியாது.

எழுதிவிட்டீர்களா? எழுதும்போது என்ன நினைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பைப்பின் வாயை மனசுக்குள் பார்த்திருப்பீர்கள். "விரல் தடிமன்தானே இருக்கிறது, ரொம்ப வராது" என்று ஒருவர் நினைத்திருப்பார். "சர்ரென்று கொட்டுமே, நிறைய வரும்" என்று இன்னொருவர் நினைத்திருப்பார். முதல் ஆள் பைப்பின் அகலத்தை மட்டும் பார்த்தார். இரண்டாம் ஆள் வேகத்தை மட்டும் பார்த்தார். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ரோமாபுரியில் நிஜமாகவே நடந்த கதை.

கி.பி. 97-ஆம் ஆண்டில் ரோம் நகரத்தின் தண்ணீர் நிர்வாகத்துக்கு ஃப்ரொன்டினஸ் என்பவர் தலைமை அதிகாரியாக வந்தார். தொலைவில் இருந்த ஊற்றுகளிலிருந்தும் ஆற்றிலிருந்தும் கல்லால் கட்டிய கால்வாய்கள் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்த காலம் அது. மொத்தம் ஒன்பது கால்வாய்கள். பொதுத் தொட்டி, குளியல் கூடம், பணக்காரர் வீடு என்று ஊர் முழுக்கக் குழாய்கள். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைக் குழாயின் வாய் அளவை வைத்தே முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 2.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு ஒரு 'குவினாரியா' என்று பெயர். பெரிய குழாய் என்றால் அதற்கு இத்தனை குவினாரியா என்று கணக்கு.

ஃப்ரொன்டினஸ் மேசையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுகிற அதிகாரி இல்லை. தாமே போய் அளந்தார். கால்வாய் தொடங்கும் இடத்தில் அளந்தால் ஒரு தொகை. ஊருக்குள் பங்கிட்டுக் கொடுத்ததைக் கூட்டினால் அதைவிடக் குறைவான தொகை. மீதித் தண்ணீர் எங்கே போனது? தேடினார். தண்ணீர்ப் பணியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு தரைக்கு அடியில் திருட்டுக் குழாய் போட்டுக் கொடுத்திருந்தது தெரியவந்தது. திருட்டு உண்மைதான். ஆனால் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரே வாய் அளவுள்ள இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர் சோம்பலாக வருகிறது, இன்னொன்றில் பாய்ந்து வருகிறது. இரண்டும் ஒரே அளவு தண்ணீர் தருமா? குவினாரியாக் கணக்குப்படி தரும்!

வேகமாக வரும் தண்ணீர் கணக்குக்கு மேல் தருகிறது என்பதை ஃப்ரொன்டினஸும் கவனித்திருக்கிறார். தம் நூலிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் வேகத்தை ஓர் எண்ணாக மாற்றி வாய் அளவோடு சேர்க்கும் வழி அவரிடம் இல்லை. நொடியைக் காட்டும் கடிகாரமே அப்போது கிடையாது. பாவம், நல்ல மனிதர். அவருக்கு இருந்த கருவிகளுக்கு அவர் செய்தது பெரிய வேலை.

அந்த ஓட்டையைத் தெளிவாக அடைத்துக் காட்டிய நூல் 1628-இல்தான் வந்தது. எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த பெனடெட்டோ காஸ்டெல்லி என்ற துறவி. கலிலியோவின் மாணவர். ஓடும் தண்ணீரை அளப்பது எப்படி என்பதுதான் அவர் நூலின் பொருள். அவர் சொன்னதை நம் ஓஸ் பைப்பில் வைத்துப் பார்ப்போம். பைப்பிலிருந்து ஒரு நொடியில் வெளியே வந்த தண்ணீர் சிதறாமல் அப்படியே கம்பி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று கற்பனை செய்யுங்கள். அந்தத் தண்ணீர்க் கம்பியின் தடிமன், பைப்பின் உள்வாய். அதன் நீளம், ஒரு நொடியில் தண்ணீர் போன தூரம், அதாவது வேகம். வாயின் பரப்பளவை வேகத்தால் பெருக்கினால் ஒரு நொடியில் வந்த தண்ணீரின் கன அளவு கிடைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு 1,500 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வேகத்தை எப்படிப் பிடிப்பது என்பதற்குப் போகுமுன், எந்தச் சூத்திரமும் தேவைப்படாத எளிய வழியில் ஒருமுறை அளந்துவிடுவோம். ஒரு பெரிய வாளி எடுங்கள். வாளியின் மேல் "15 லிட்டர்" என்று ஸ்டிக்கர் இருக்கலாம். அதை நம்ப வேண்டாம். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நிரப்பிப் பத்து முறை வாளியில் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. இது உங்கள் 10 லிட்டர் கோடு. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் நேரத்திலேயே சோதனையையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஒரு சொட்டும் வீணாகாது, அம்மாவிடம் திட்டும் கிடையாது.

குழாயை முழுக்கத் திறந்து, தண்ணீர் சீராக வரத் தொடங்கியதும் பைப்பை வாளிக்குள் திருப்புங்கள். அதே கணத்தில் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை அமுக்குங்கள். கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். மூன்று முறை செய்ததில் 48, 51, 51 நொடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50 நொடி. 50 நொடிக்கு 10 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். நொடிக்கு 200 மில்லிலிட்டர்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழ வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலையே நேராகப் பைப்பில் பிடித்தால் 5 நொடியில் வேலை முடிந்திருக்குமே, வாளி எதற்கு? பொத்தானை அமுக்கும் விரல் எப்படியும் அரை நொடி முன்னே பின்னே ஆகும். 5 நொடியில் அரை நொடி தவறு என்றால் பத்தில் ஒரு பங்கு போச்சு. 50 நொடியில் அதே அரை நொடி நூற்றில் ஒரு பங்குதான். விரலின் தவறு மாறவில்லை. அளக்கும் நேரம் நீண்டதால் அதன் மதிப்பு குறைந்துவிட்டது. பாட்டிலின் குறுகிய கழுத்தில் பாதித் தண்ணீர் வெளியே தெறித்துவிடும் என்பது வேறு கதை.

சரி, இப்போது வாளியும் வேண்டாம், ஸ்டாப்வாட்சும் வேண்டாம். ஓர் அளவு டேப்பும் சாக்பீஸும் போதும்.

முதலில் மேசைக்குப் போங்கள். மேசை விளிம்பில் இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்றை ஸ்கேலால் பக்கவாட்டில் வேகமாகத் தட்டிவிடுங்கள்; அதே கணத்தில் மற்றதை விளிம்பிலிருந்து சும்மா கீழே விழவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். சரியாகச் செய்தால் 'டக்' என்று ஒரே சத்தம்தான் கேட்கும். தள்ளிப் போன நாணயமும் நேரே விழுந்த நாணயமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டிருக்கின்றன. பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கீழே விழும் வேலை அதன் பாட்டுக்கு நடக்கிறது. இதை எழுதி விளக்கியவர் கலிலியோ. 1638-இல் அந்த நூல் வெளிவந்தபோது அவருக்கு 74 வயது, வீட்டுக் காவலில் இருந்தார். விழும் பொருள்களின் கணக்கை அவர் எப்படிக் கண்டார் தெரியுமா? சாய்வான பலகையில் பந்தை உருளவிட்டு, உருண்ட நேரத்தை அளந்தார். நேரத்தை அளக்க, ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் வைத்து, பந்து உருளும் வரை ஒழுகிய தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு நேரம். நம் ஊரில் அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று எண்ணியதும் இதே யோசனைதான். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அவர்கள் தண்ணீரை வைத்து நேரத்தை அளந்தார்கள். நாம் நேரத்தை வைத்துத் தண்ணீரை அளக்கப் போகிறோம்.

நமக்குத் தேவையான எண் ஒன்றே ஒன்று. கையிலிருந்து விட்ட பொருள் முதல் அரை நொடியில் 122.5 சென்டிமீட்டர் விழும். சுவரில் தரையிலிருந்து 122.5 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பைப்பின் வாய் அந்தக் கோட்டுக்கு நேராக, தரைக்குச் சரி கிடைமட்டமாக இருக்கட்டும். ஸ்டூலின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன் மேல் பைப்பை வைத்துக் கட்டினால் கை ஆடாது. வாய்க்கு முந்தைய ஓர் அடி நீளமாவது வளையாமல் நேராக இருக்க வேண்டும். வாய் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்தாலும் தண்ணீர் கூடுதல் தூரம் போய் ஏமாற்றிவிடும். இந்தச் சோதனையில் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

குழாயைத் திறங்கள். தண்ணீர் வளைந்து போய்த் தரையில் விழுகிறது. பைப்பின் வாய்க்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து தண்ணீர் விழும் இடம் வரை டேப்பால் அளங்கள். 79 சென்டிமீட்டர் என்று வருகிறதா? தண்ணீர் வாயைவிட்டுக் கிளம்பித் தரையைத் தொட எடுத்துக்கொண்ட நேரம் அரை நொடி. நீங்கள் கடிகாரம் பார்க்கவே இல்லை, பூமியின் ஈர்ப்பு விசையே உங்களுக்காக அரை நொடியை எண்ணிக் கொடுத்துவிட்டது. அரை நொடியில் 79 சென்டிமீட்டர் போனால் ஒரு நொடியில் 158 சென்டிமீட்டர். வேகம் கைக்கு வந்துவிட்டது!

இனி வாயின் பரப்பளவு. கடையில் 'அரை இஞ்ச் பைப்' என்று கொடுத்திருப்பார்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். ஆரம் 0.635 சென்டிமீட்டர். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் 1.27 சதுர சென்டிமீட்டர். இதை 158-ஆல் பெருக்குங்கள்: 200 கன சென்டிமீட்டர், அதாவது நொடிக்கு 200 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர். வாளி சொன்ன அதே எண்!

இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருந்தால் நீங்கள் நல்ல விஞ்ஞானி. நான் விளக்குவதற்காக எண்களைப் பொருந்தும்படி எடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி வராது. தண்ணீர் ஒரே புள்ளியில் விழாது. 75-இலிருந்து 83 சென்டிமீட்டர் வரை பரவித் தெறிக்கும். 75 என்று எடுத்தால் நிமிடத்துக்கு 11.4 லிட்டர், 83 என்று எடுத்தால் 12.6 லிட்டர். ஆகவே "12 லிட்டர்" என்று சொல்வதைவிட "11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் எங்கோ" என்று சொல்வதுதான் நேர்மையான விடை. வாளிச் சோதனையின் விடை அந்த இடைவெளிக்குள் விழுந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். விழாவிட்டால் எங்கோ ஏதோ தப்பு. அந்தத் தப்பைத் தேடுவது, என்னைக் கேட்டால், சரியான விடை கிடைப்பதைவிடச் சுவாரசியமான வேலை.

தப்பு பெரும்பாலும் ஒளிந்திருப்பது பைப்பின் விட்டத்தில். ஸ்கேலை வைத்து அளக்கும்போது ஒருவர் 12 மில்லிமீட்டர் என்பார், இன்னொருவர் 13 என்பார். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஆரத்தை ஆரத்தால் பெருக்குவதால் அந்தச் சிறு வித்தியாசம் பரப்பளவில் 1.13-க்கும் 1.33-க்கும் உள்ள வித்தியாசமாகப் பெருத்துவிடும். ரப்பர் வாய் முழு வட்டமாகவும் இருக்காது, வெயிலில் கிடந்து சப்பையாகியிருக்கும்.

இதற்கு ஸ்கேலே வேண்டாத ஒரு தந்திரம் உண்டு. பைப் 10 மீட்டர் நீளம் என்றால், அதைக் காற்று இல்லாமல் முழுக்கத் தண்ணீரால் நிரப்புங்கள். இரண்டு முனையையும் கட்டைவிரலால் மூடி, ஒரு வாளிக்கு மேலே கொண்டுபோய், ஒரு முனையை உயர்த்தி, இரண்டு முனையையும் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரையெல்லாம் வடித்துவிடுங்கள். வடிந்ததை லிட்டர் பாட்டிலால் அளந்தால் ஏறக்குறைய ஒண்ணே கால் லிட்டர் இருக்கும். 1,270 மில்லிலிட்டர் என்று வந்தால், அதை நீளமான 1,000 சென்டிமீட்டரால் வகுங்கள். 1.27 சதுர சென்டிமீட்டர்! உள்வாயைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் பரப்பளவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதுவும் ஒரே இடத்தின் பரப்பளவு இல்லை, பைப் முழுவதற்குமான சராசரி.

சித்திரை வெயிலில் இன்னொரு வழியும் கிடைக்கும். மத்தியானம் தண்ணீரோடு வெயிலில் கிடந்த பைப்பைத் திறந்தால் முதலில் கொதிக்கக் கொதிக்க வரும், கொஞ்ச நேரத்தில் குளிர்ந்துவிடும், இல்லையா? சூடாக வந்தது பைப்புக்குள் தங்கியிருந்த தண்ணீர். அது தீரும் வரை நொடிகளை எண்ணினால், பைப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர் பயணம் செய்யும் நேரம் தெரிந்துவிடும். 10 மீட்டர் பைப்பில் நொடிக்கு 158 சென்டிமீட்டர் வேகம் என்றால் ஆறு நொடிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இந்த அளவு அவ்வளவு துல்லியமாக இருக்காது. சூடும் குளிரும் பைப்புக்குள் கோடு போட்டுப் பிரிந்து நிற்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குறுகிய வராந்தாவில் ஓடும் பிள்ளைகளில் சுவரை உரசிக்கொண்டு வருபவர்கள் பின்தங்க, நடுவில் வருபவர்கள் முந்திவிடுவது போல, பைப்பின் நடுவில் தண்ணீர் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகிறது. சூடான ரப்பர் வேறு வரும் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கும். கையைச் சுட்டுக்கொள்ளாமல், முதல் தண்ணீரை மண்ணில் விட்டு, வாசலில் அம்மாவோ அப்பாவோ நிற்கும்போது செய்யுங்கள்.

ஓஸ் பைப்பைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. கட்டைவிரலால் வாயைப் பாதி மூடித் தண்ணீரைத் தூரமாகப் பீய்ச்சுவது. தம்பி மேல் பீய்ச்சுவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. என் கேள்வி வேறு: விரலை வைத்ததும் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா, அதேதானா?

"வாய் சின்னதாகிவிட்டது, அதே அளவு தண்ணீர் வெளியேற வேண்டுமே, அதனால் வேகமாகப் போகிறது" என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாளியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். விரலை வைத்துக்கொண்டு நிரப்பினால் 10 லிட்டர் கோட்டைத் தொட 50 நொடி போதாது. இன்னும் அழுத்தி மூடினால் இன்னும் நேரம் ஆகும். தண்ணீர் குறைகிறது! ஆனாலும் தூரமாகப் போகிறது. அந்த விளக்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும். காஸ்டெல்லிக்கு டாரிசெல்லி என்று ஒரு மாணவர் இருந்தார். கலிலியோவின் கடைசி மூன்று மாதங்களில் அவர் கூடவே இருந்து எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். 1644-இல் வெளியிட்ட நூலில் இவர் ஓர் அருமையான விதியைச் சொன்னார். தொட்டியில் போட்ட துளை வழியாக வெளியே பாயும் தண்ணீரின் வேகம், அந்தத் தண்ணீர் மட்டத்திலிருந்து துளை வரை விழுந்த ஒரு கல்லின் வேகத்துக்குச் சமம். உங்கள் தொட்டியின் தண்ணீர் மட்டம் ஓஸ் பைப்பின் வாயைவிட 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் விழுந்த கல்லின் வேகம் நொடிக்கு 990 சென்டிமீட்டர். ஆனால் நாம் அளந்தது 158 தானே! அது வெறும் 13 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்த கல்லின் வேகம். மிச்சம் 4 மீட்டர் 87 சென்டிமீட்டர் உயரத்தின் பலன் எங்கே போனது?

குழாய்க்குள்ளேயே தீர்ந்துபோய்விட்டது. சுவருக்குள் போகும் குழாய், அதில் ஒவ்வொரு வளைவு, வால்வு, குழாயடி, பிறகு 10 மீட்டர் ரப்பர் பைப். வழி முழுக்க உராய்வு. தண்ணீர் வேகமாக ஓட ஓட உராய்வு ரொம்பவே கூடும். விரலை வைத்து வாயை மூடும்போது ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் உராய்வில் இழப்பது குறைகிறது. இழக்காமல் மிஞ்சிய அழுத்தம் விரல் இடுக்குக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதுதான் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. மொத்தத்தில் வருவது கொஞ்சம், வருவது மட்டும் வெகு வேகம்.

டாரிசெல்லியின் விதியிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. விரலை எப்படி வைத்து நேர் மேலே பீய்ச்சினாலும் தண்ணீர் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைத் தாண்டி எழும்பாது. மாடிச் சுவரைப் பார்த்து நீங்களே சரிபார்க்கலாம். தாண்டினால், உங்கள் வீட்டுக் குழாய்க்கு எங்கோ ஒரு மோட்டார் துணை செய்கிறது.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். தினமும் 25 நிமிடம் செடிக்குத் தண்ணீர் விட்டால் 300 லிட்டர். 20 லிட்டர் தண்ணீர் கேனில் பதினைந்து கேன். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தர வேண்டும் என்று குறி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 300 லிட்டர் என்பது ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஆகும் தண்ணீர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒரு நபருக்கு 135 லிட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். அதிலும் பாதிக்கு மேல் உங்கள் தோட்டத்துக்கே போகிறது. செடிக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கறிவேப்பிலையும் முருங்கையும் குடித்துவிட்டுத்தானே நமக்குத் தருகின்றன. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடும் வீடுகளில் ஓஸ் பைப்பின் பங்கு எவ்வளவு குறைகிறது என்பதும் அளந்து பார்க்கத் தக்கதே.

இந்த 300 லிட்டரையும் நம்பாமல் சோதிக்க வழி இருக்கிறது. மொட்டைமாடியில் இருக்கும் வட்டத் தொட்டியைச் சுற்றி நூலைக் கட்டி அளங்கள். சுற்றளவு 3 மீட்டர் 14 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 1 மீட்டர். அப்படிப்பட்ட தொட்டியில் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 7.85 லிட்டர் செலவு. தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யட்டும். நீங்கள் ஏறவோ எட்டிப் பார்க்கவோ கூடாது. மோட்டார் போடாத நேரமாக, வேறு யாரும் தண்ணீர் புழங்காத நேரமாகப் பார்த்து 25 நிமிடம் செடிக்கு விடுங்கள். 300 லிட்டர் சரி என்றால் குச்சியில் ஈரம் 38 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். தொட்டியின் பக்கங்களில் வரிவரியாக மேடு பள்ளம் இருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். 20 சென்டிமீட்டரோ 60 சென்டிமீட்டரோ வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குச்சி கையில் இருக்கும்போதே இன்னொரு வேலையும் செய்துவிடலாம். இரவு எல்லாரும் படுக்கும் முன் ஒருமுறை, காலையில் முதல் ஆள் குழாயைத் தொடும் முன் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், யாரும் விழித்திராத நேரத்தில் 16 லிட்டர் காணாமல் போயிருக்கிறது. கழிவறை ஃப்ளஷ் தொட்டியாக இருக்கலாம், தேய்ந்த வாஷராக இருக்கலாம். ஃப்ரொன்டினஸ் செய்தது போல் இரண்டு அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்து நீங்களும் ஒரு திருடனைப் பிடித்திருக்கிறீர்கள்.

நிமிடத்துக்கு 12 லிட்டர் என்ற எண் கையில் இருந்தால் செய்தித்தாளில் வரும் பெரிய எண்களையும் பிடித்துப் பார்க்கலாம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 பெட்டிகள், பெட்டிக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். நம் ஓஸ் பைப்பால் அந்த ரயிலை நிரப்பினால் இரவு பகலாக 145 நாள் ஆகும். பிரமாண்டமாகத் தோன்றுகிறதா? இப்போது அதே 25 லட்சத்தை, நாம் செடிக்கு விட்ட 300-ஆல் வகுத்துப் பாருங்கள். 8,333. இவ்வளவு வீடுகள் ஒருநாள் 25 நிமிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் ரயில் காலி. சென்னையில் எத்தனை வீடுகள் இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மழைக்கும் இந்த எண் உதவும். "நேற்று 4 சென்டிமீட்டர் மழை" என்று வானிலைச் செய்தியில் சொன்னால், ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 40 லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 100 சதுர மீட்டர் மொட்டைமாடி என்றால் 4,000 லிட்டர். ஓஸ் பைப் ஐந்தரை மணி நேரம் ஓடினால் வரும் தண்ணீர், ஒரே மழையில் வந்து இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு போட்ட அந்தக் குழாய், உங்கள் வீட்டில் இப்போதும் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று மழைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு புதிர். 10 மீட்டர் பைப்பைக் கழற்றிவிட்டு, அதே அரை இஞ்ச் அளவில் 30 மீட்டர் பைப்பை மாட்டுகிறீர்கள். தொட்டி அதே உயரத்தில்தான் இருக்கிறது, குழாயும் முழுக்கத் திறந்திருக்கிறது. 10 லிட்டர் கோட்டைத் தொட 50 நொடியா, அதைவிடக் கூடுதலா? கூடும் என்றால் மூன்று மடங்கு ஆகுமா, ஆகாதா? தொட்டியிலிருந்து குழாயடி வரை உள்ள உராய்வு மாறவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊகத்தைக் காரணத்தோடு, குழாயைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள்.